கிட்ட இருக்கிற பத்து

ஒலக்கூர்
18-6-1986

அன்புள்ள மைத்துனர் தேவநாதனுக்கு துரைக்கண்ணு எழுதியது. இங்கே நானும் உன் அக்காவும் என் தங்கை கிருஷ்ணவேணியும் இரண்டு மாடுகளும் உடம்பளவில் சுகம். விழுப்புரத்தில் நீயும் உன் வீட்டாரும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் மகள் அம்சா மிகவும் சுகம். அவளால் மற்றவர்கள் படுகிற பாட்டைச் சொல்லத்தான் இந்த இன்லண்டு.

லீவுக்கு அவளை உன்னிடம் அனுப்பும்போது, நீ கணக்கு வாத்தியார், நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பாய் என்றுதான் நினைத்தேன். நீயோ எண்களைத் தோராயமாகப் பார்க்கப் பழக்கி அனுப்பியிருக்கிறாய். கடைசி எண் அஞ்சோ அதுக்கு மேலேயோ இருந்தால் அடுத்த பத்துக்கு ஏத்தணுமாம், குறைஞ்சிருந்தால் கீழ்ப் பத்துக்கு எறக்கணுமாம், அதுக்குப் பேர் முழுசாக்கறது. கடைசி எண் என்னன்னே பார்க்காமல் தூக்கிப் போட்டுட்டுப் பூஜ்யம் வெச்சால் அதுக்குப் பேர் வெட்டறது. "வெட்டறது ஈஸிதான், ஆனா நெறைய வித்தியாசம் வந்துடும்னு மாமா சொன்னாரு" என்று செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஒப்பித்தாள். நாங்களும் பெருமையாகத்தான் கேட்டுக்கினு இருந்தோம்.

மறுவாரம் கொல்லையில் செடி பிடுங்கி ஆய்ஞ்ச மல்லாட்டை மூட்டை திண்டிவனம் மண்டிக்கு லாரி ஏறிச்சு. எண்ணிக்கினு இருடி என்று அவளை நிறுத்திட்டு நான் கயிறு கட்டப் போனேன். நாற்பதுன்னாள், நானும் சீட்டில் நாற்பதுன்னு எழுதிக் குடுத்தேன். மண்டியில் இறக்கினால் முப்பத்தாறு. நாலு மூட்டையை எங்கேய்யா இறக்கினேன்னு எல்லாரும் லாரிக்காரரைப் பிடிச்சுக்கினாங்க. வீட்டுக்கு வந்து கேட்டால், "கடைசியில ஆறு இருக்குதேப்பா, அதான் ஏத்திட்டேன்" என்கிறாள். லாரிக்காரர் இப்போ நம்ம தெரு வழியாகவே வர்றதில்லை.

அதுகூடப் போகட்டும். அப்பா போனதுக்கப்புறம் கிருஷ்ணவேணியை நல்ல இடத்தில் குடுக்கிறது என் பொறுப்புன்னு உனக்குத் தெரியும். இருபத்தாறு வயசாச்சு, அதைச் சொல்லியே மூணு இடம் தட்டிப் போச்சு, எனக்குச் சோறு இறங்கலை. அதனால் தரகர் பூமாலையிடம் இருபத்துநாலுன்னு சொல்லி வெச்சிருந்தேன். காணையிலிருந்து ஒரு இடம் வந்தது. பையன் பேர் வேங்கடேசன், சொந்தத்தில் கரும்பு, பம்பு செட்டு, வயசு முப்பதுன்னாங்க. போன ஞாயிறு பொண்ணு பார்க்க வர்றதா ஏற்பாடு. பதினாலு பேர் வர்றாங்கன்னு பூமாலை அம்சாகிட்ட சொல்லி அனுப்ப, அவள் அடுப்பங்கரைக்கு வந்து பத்துன்னு சொல்ல, உன் அக்கா பத்துப் பேருக்குக் கேசரி கிண்டிட்டாள். கேசரி கிடைக்காத நாலு பேரில் பையனோட அப்பாவும் ஒருத்தர். அவர் வெறும் காராபூந்தியைத் தட்டில் தள்ளிக்கினு உட்கார்ந்திருந்ததை நினைச்சால் இப்பவும் எனக்குக் கூச்சமா இருக்குது.

அந்த நேரம் பார்த்துப் பையனோட அம்மா அம்சாவைப் பக்கத்தில் இழுத்து வெச்சுக்கினு, "உங்க அத்தைக்கு என்னா வயசு கண்ணு"ன்னு கேட்டாங்க. "முப்பது"ன்னா. நான் அவசரமா, "லீவுல கணக்கு கத்துக்கினு வந்துச்சுங்க, இருபத்துநாலைத்தான் அப்படி ஏத்திச் சொல்லுது"ன்னேன். "இருபத்துநாலுன்னா இருபதுக்கு எறக்கியிருப்பேனேப்பா, அத்தைக்கு இருபத்தாறாச்சே"ன்னா. அதோட விட்டாளா? பையன் பக்கம் திரும்பி, "உங்களுக்கு முப்பதுன்னாங்களே, அது முழுசாக்கினதா, வெட்டினதா?"ன்னு கேட்டா. அவர் பூமாலையைப் பார்த்தார், பூமாலை விட்டத்தைப் பார்த்தார். "ஜல்தி கெளம்புங்க, பஸ்ஸு போயிடும்"னு பையனோட அப்பா எழுந்துட்டார். போய்ச் சொல்லி அனுப்பறோம்னு போனவங்கதான்.

கிருஷ்ணவேணி அன்னியிலேர்ந்து பேசறதில்லை. அவ முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாவும் பயமாவும் இருக்குது. ஆகையால் நீ உடனே புறப்பட்டு வந்து, சொல்லிக் கொடுத்ததை எல்லாம் திரும்ப எடுத்துக்கினு போயிடு. மாமனாருக்கும் மாமியாருக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும். உன் பிள்ளைகள் குறைவில்லாமல் நன்றாக இருக்க என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
துரைக்கண்ணு

பின்குறிப்பு: இன்லண்டை ஒட்டறதுக்குள்ள பூமாலை வந்துட்டார். காணைக்காரங்க வயசைப் பெருசா எடுத்துக்கலையாம், சரின்னுட்டாங்களாம். சந்தோஷத்தில் காபி குடுத்துட்டு, அம்சா கேட்டதை நானும் சும்மா ஒருதரம் கேட்டு வெச்சேன். தலையைச் சொறிஞ்சுக்கினு, "வெட்டினதுதாங்க"ன்னார். முப்பத்தொன்பதாம். உள்ளே கதவோரம் நின்ன கிருஷ்ணவேணி சத்தம் போட்டுச் சிரிச்சுட்டா. மூணு நாள் கழிச்சு இப்பதான் வயிறாரச் சாப்பிட்டா. எனக்குக் கண் கலங்கிப் போச்சு. இடம் வேணாம்னு சொல்லி அனுப்பிட்டேன். ஆகையால் மேலே எழுதினதை எதுவும் மனசில் வெச்சுக்காதே, எதையும் திரும்ப எடுக்கவும் வேணாம், அடுத்த லீவுக்கும் அவளை அனுப்பறேன். ஒரே ஒரு உதவி. இருபத்தாறை நான் இருபத்துநாலு ஆக்கினது முழுசாக்கினதா வெட்டினதான்னு அம்சா என் பின்னாலேயே சுத்திக்கினு கேக்குறா. ரெண்டும் இல்லைன்னு எனக்கே தெரியுது. நீ வாத்தியார், கணக்கில் அதுக்குக் கொஞ்சம் மரியாதையா ஒரு பேர் இருந்தால் எழுதி அனுப்பு.