பதினாறு டிகிரிப் பரணி

வாழ்க, வாழ்க! வியர்வைநீராடிய வீரத்திருமகள் வாழ்க! ஈரக் கைக்குட்டையைக் கொடியாகவும், மேசையை ஓங்கியறையும் உள்ளங்கையை முரசாகவும், ஒரு சக்கரம் மட்டும் உருள மறுக்கும் சுழல்நாற்காலியைத் தேராகவும் கொண்டவள், தன் குலத்தில் முதன்முதல் பட்டம் பெற்றவள், பெற்ற நாள்முதல் "எனக்குத் தெரியாதா?" என்னும் ஒற்றை வாளால் உற்றாரையும் உறவினரையும் வெட்டி வீழ்த்தியவள்; முப்பத்தாறு வயதினள்; மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தில் அமர்ந்து, ஊரார் நோய்க்கோப்புகளை வரிவிடாமல் படித்து, இது மெய்நோய், இது பொய்நோய் எனத் தீர்ப்பளிக்கும் செங்கோலினள். அவள் புகழைப் பாடுவோம். பாடுதற்கு வேறெவரும் முன்வராமையின் அவளே தன்னைப் பாடிக்கொள்கிறாள் என்பதை மட்டும் அவையோர் பொறுத்தருள்க.

அத்தகையாள்மீது படையெடுத்து வந்தது வெப்பம். நெஞ்சுக்குழியில் கூடாரமடித்து, கழுத்தென்னும் கணவாயேறி, முகமென்னும் தலைநகரைத் தீக்கிரையாக்கி, காதுமடல் இரண்டையும் கொள்ளையடித்துக்கொண்டு, சில நிமிடங்களில் நடுக்கம் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு ஓடிமறையும் கள்ளப்படை அது. மாபெரும் தளபதியாகிய நம் தலைவி எண்டிசையும் ஒற்றர்களை ஏவினாள்; தன்னை நோக்கி மட்டும் ஒருவரையும் ஏவினாளில்லை. வெயிலைச் சபித்தாள். பாலியெஸ்டர் குர்த்திகளை நாடுகடத்தினாள். காலையில் படுக்கைவிரிப்பு பிழியப் பிழிய நனைந்து கிடப்பதற்குப் புது மெத்தையே காரணமென்று கணவனைக் குற்றக்கூண்டில் ஏற்றினாள்.

"நான் என்னடி பண்ணேன்? அந்த மெத்தைய நீதானே குதிச்சுக் குதிச்சுப் பாத்து வாங்கினே?" என்ற அந்த நிரபராதியின் முறையீடு தள்ளுபடியாயிற்று.

உறக்கம் ஊரைவிட்டே ஓடிற்று. விரல்மூட்டுகள் விடியுந்தோறும் வேலைநிறுத்தம் செய்தன. எதிரே நிற்பவர் பெயர் நாக்கின் நுனிவரை வந்து திரும்பிப் போயிற்று. கோபம் வந்ததா எனில், பிறந்த அன்றே மருத்துவச்சியை முறைத்தவளிடம் கோபம் கூடிற்றென்று எந்தக் கருவியால் அளப்பது? மாதந்தவறாது வந்துபோன பழைய விருந்தாளியோ ஏழு மாதமாக வாசலை மிதிக்கவில்லை. கர்ப்பப் பரிசோதனைக் குச்சி ஒற்றைக் கோட்டைக் காட்டியது. "வேலை டென்ஷன்" என்று தீர்ப்பெழுதி அக்கோப்பை அன்றே மூடினாள், ஊரான் கோப்பில் ஒரு தேதி இடறினாலும் உறங்காத அம்மாதரசி. கோப்பைத் திறந்தால் உள்ளே வேறொன்றும் இருக்கும் என்பதை அவள் அறிவாள். தம்பி படிப்பு முடியட்டும், தங்கை கல்யாணம் முடியட்டும், நமக்கென்ன அவசரம், குழந்தை அடுத்த வருஷம் என்று ஆண்டுதோறும் அவளும் கணவனும் தள்ளிவைத்த அந்த அடுத்த வருஷம் உள்ளே இருந்தது. ஆதலின் மூடியது மூடியபடியே கிடந்தது.

இனிப் போர் கேளீர்.

அலுவலகத்தின் குளிர்சாதனப் பெட்டிக்கு ரிமோட் ஒன்றே. அதைக் காத்து நின்றவர் கணக்குப் பிரிவின் கிழச்சிங்கம், காதும் கழுத்தும் கம்பளியால் மூடிய மஃப்ளர் சார். இருபத்தேழு டிகிரியே அவர்தம் எல்லைக்கோடு. நம் தலைவியின் எல்லைக்கோடு இருபது. பகைவர் ஆநிரை கவர்ந்து தொடங்கும் வெட்சிப்போரே போல, அவள் ரிமோட்டைக் கவர்வதும், கரந்தை சூடி அவர் மீட்பதும் நாள்தோறும் நடந்தன.

"ஏம்மா, இது ஆபீஸா, மார்ச்சுவரியா?"

"உங்களுக்கு ரத்தம் சுண்டிப்போச்சு சார். அதுக்கு நாங்க வேகணுமா?"

"நாங்கன்னு யாரைச் சொல்றே? வேற யாராவது வேகறாங்களா, கேட்டுப் பாரு."

அவள் கேட்கவில்லை. மாறாக, ஏ.சி. பழுதென்று மேலாளருக்கு ஓலைமேல் ஓலை விடுத்தாள். கம்பெனி ஆள் இருமுறை வந்து, கேஸ் நிரப்பி, வடிகட்டி கழுவி, குறையொன்றுமில்லை என்று கையெழுத்திட்டுப் போனான். "அவனுக்கு என்ன தெரியும்?" என்றாள் எல்லாம் தெரிந்தவள்.

முடிவுநாளும் வந்தது. மதிய உணவுக்கு எல்லாரும் எழுந்த வேளை, கள்ளப்படை முகத்தில் தீயிட்டுக்கொண்டிருக்க, தலைவி தன் தேரேறி, முடச்சக்கரம் கிறீச்சிடத் தரையைக் கிழித்துக்கொண்டு, கணக்குப் பிரிவின் கோட்டைக்குள் புகுந்தாள். ரிமோட் இல்லை. இழுப்பறைகளைக் குடைந்தாள், இல்லை. இரும்பு அலமாரியின் உச்சியில், பழைய ரசீதுக்கட்டுகளாகிய அகழிக்கு அப்பால், அது வெண்ணிறமாய்ச் சிரித்தது. உருளும் தேர்மேல் ஏறி நின்றாள்; தேர் வழுக்கிற்று; அலமாரியைக் கட்டித் தழுவினாள்; தூசுமழை பொழிந்தது; தும்மினாள்; பற்றினாள்! பற்றிய கையாலேயே அழுத்தினாள். இருபது, பத்தொன்பது, பதினெட்டு, பதினேழு, பதினாறு! அதற்குக் கீழே போக அப்பெட்டிக்கு வழியில்லாமையால் பதினாறோடு நின்றாள்.

"இனி இந்த ரிமோட் எங்கிட்டதான் இருக்கும்! யாருக்காவது குளிருதுன்னா வெளிய போய் வெயில்ல நில்லுங்க!" என்று திரும்பி வந்தோர்க்கெல்லாம் பறைசாற்றி, வாகை சூடிய வேந்தன்போல் அமர்ந்தாள்.

சிறிது நேரத்தில் மண்டபம் பனிமலையாயிற்று. பக்கத்து சீட்டுக்காரி துப்பட்டாவைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மேலாளர் தேநீர்க் கோப்பையைக் குடிக்காமல் இரு கையாலும் பற்றிக் குளிர்காய்ந்தார். விசைப்பலகைகள்மேல் விரல்கள் விறைத்தன. அந்தப் பனிமலையின் நட்டநடுவே, நெற்றியிலிருந்து சொட்டுச்சொட்டாக வியர்வை வழிந்து, கையிலிருந்த கோப்பின் மையைக் கரைக்க, தன்னந்தனியாக வெந்துகொண்டிருந்தாள் வென்றவள்.

எல்லாரும் பார்த்தார்கள்.

மஃப்ளர் சார் எழுந்து வந்தார். கழுத்துக் கம்பளியை அவிழ்த்து நீட்டினார்.

"மொதல்ல மொகத்தைத் தொடச்சுக்கோம்மா."

தலைவி வாளுருவ வாய் திறந்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க வீட்லயும் இதே கூத்துதான். மார்கழிக் குளிர்லகூட ஃபேனுக்குக் கீழதான் உக்காருவா. பீரியட்ஸ் நிக்கற நேரம், அதான். ஆனா அவளுக்கு அம்பது வயசும்மா. உனக்கு என்ன வயசு?"

பல்லாயிரம் கோப்புகளைப் புரட்டிய பேரறிவு அக்கணம் தன் கோப்பைத் தானே திறந்தது. வியர்வை, விழிப்பு, மூட்டு, மறதி, வாராத விருந்தாளி. ஒரே தாளில் வரிசையாக வேறொருவர் எழுதி அனுப்பியிருந்தால் தேநீர் ஆறுமுன் கண்டுபிடித்திருப்பாள். கம்பளியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வியர்வையைத் துடைக்க அவ்வளவு நேரம் ஆகாது என்பதை மஃப்ளர் சார் கண்டுகொள்ளாதவர்போல் ஜன்னலைப் பார்த்தார்.

மறுநாள் மகளிர் மருத்துவமனையின் முகப்பில் வரவேற்புப் பெண் உரக்கக் கேட்டாள். "என்ன ப்ராப்ளம் மேடம்?"

நிறைவயிற்றுப் பெண்கள் வரிசையாய் அமர்ந்து பார்க்கும் அவ்வவையில், அஞ்சாநெஞ்சினள் அஞ்சினாள். "தலைவலி."

"இது லேடீஸ் டாக்டர் மேடம்."

"ஏன், லேடீஸுக்குத் தலை இல்லையா?"

இவ்வாறு கடைசிக் கோட்டையையும் வாய்ச்சவடாலாலேயே கடந்து, உள்ளே போய், கதவு சாத்தப்பட்டபின், தலைவலி என்னும் பொய்யைத் தரையில் போட்டுவிட்டு, அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். டாக்டரம்மா குறுக்கிடாமல் கேட்டார்.

"நாப்பதுக்கு முன்னாடி நிக்கறதை அப்படியே விடக்கூடாதும்மா. இன்னைக்கு ரத்தம் எடுத்து ஹார்மோன், தைராய்டு எல்லாம் பாப்போம். ஒரு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாத்துத்தான் உறுதியாச் சொல்ல முடியும். அதுதான்னா மாத்திரை இருக்கு. சூடு அடங்கும், தூக்கம் வரும். முக்கியமா எலும்பு பலம் போகாம காப்பாத்தும்."

"குழந்தை?" என்று கேட்டது ஒரு குரல். அலுவலகத்தை அதிரவைத்த குரல் அதுவென்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பார்.

"கஷ்டம்தான். முடியவே முடியாதுன்னு நான் சொல்ல மாட்டேன். உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க, உக்காந்து பேசுவோம்." பேனாவை மூடினார். "ஏம்மா, படிச்ச பொண்ணு, ஏழு மாசமா ஏன் வராம இருந்தீங்க?"

அவ்வினா எழுந்ததும், வானளாவிய அவள் வாதத்திறனும், கடலனைய கல்வியும், மலைபோன்ற மானமும், தலைமுறை தலைமுறையாய்ப் படிக்காத குலத்தில் தான் ஒருத்தி படித்துவிட்டதால் தனக்கு எதுவும் தெரியாமல் இருக்கவே கூடாதென்று கட்டிக் காத்த பெருங்கோபுரமும் ஒருசேர எழுந்து நின்று, ஒன்றையொன்று நோக்கி, விடை காணாது விழிக்க, நம் தலைவி மெல்ல நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, திருவாய் மலர்ந்தருளினாள்:

"ஏ.சி. ரிப்பேர்னு நெனச்சேன் டாக்டர்."