தோற்க வேண்டிய கோழிகள்

ஆட்கள் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து, தீவனம் கலக்கும் இயந்திரத்துக்குள் கஜபதி இரண்டாவது குவளையையும் கவிழ்த்தான். பழுப்புத் திரவம் மக்காச்சோள மாவின் மேல் கொழகொழவென்று இறங்கியது. அழுகிய முட்டைக்கோஸ் வாடை எழுந்து கண்ணைக் கரித்தது.

"இன்னா நைனா, சாம்பாருக்குப் புளி கரைச்சு ஊத்துறா மாதிரி ஊத்துறீங்க? சீட்டுல ஒரு குவளைன்னுதானே எழுதிக்கீது?"

கஜபதி திடுக்கிட்டுத் திரும்பினான். வாசலில் ஜெயம்மா நின்றிருந்தாள். பண்ணையில் முட்டை பொறுக்குகிறவள். பதினோரு வருஷமாக இங்கேதான் வேலை.

"நீ சாப்பிடப் போகல?"

"போய்கினுதான் இருந்தேன். நாத்தம் இழுத்துகினு வந்துச்சு."

"முதல் குவளை சரியா கலக்கல. அதான்."

"ஆங், ஆங்," என்றாள் ஜெயம்மா. நம்பாதவர்கள்தான் இரண்டு தடவை ஆங் போடுவார்கள்.

அவள் சொன்ன சீட்டு எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்தது. சோளம் இவ்வளவு, சோயாப் புண்ணாக்கு இவ்வளவு, தவிடு இவ்வளவு, மெத்தியோனின் இவ்வளவு. எல்லாம் ஷோபனாவின் குண்டு குண்டான கையெழுத்து. கஜபதி அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தான்.

தகராறே அந்தச் சீட்டின் கடைசி வரியில்தான் ஆரம்பித்தது.

சோளத்திலும் சோயாவிலும் மெத்தியோனின் என்கிற சத்து போதுமான அளவு கிடையாது. தனியாகச் சேர்க்காவிட்டால் முட்டை சிறுத்துப்போகும். அதை வெள்ளைப் பவுடராகவும் வாங்கலாம், பழுப்புத் திரவமாகவும் வாங்கலாம். கஜபதி பவுடர் கட்சி. வேதியியல் பட்டம் வாங்கிய அவன் மனைவி ஷோபனா திரவக் கட்சி. "அளவைச் சரியா கணக்குப் போட்டு ஊத்தினா, நம்மூரு வெயிலுக்கு அதுதாங்க தாங்கும்," என்பாள்.

வீட்டோடு இருந்தவரை இந்தச் சண்டை ருசியாகத்தான் இருந்தது. அரக்கோணத்தில் அவள் தம்பி முருகவேல் வீடு கட்டிப் புதுமனை புகுவிழா வைத்தான். அங்கே பந்தியில் உட்கார்ந்த யாரோ, "பண்ணையில என்ன மருந்து சேர்க்கறீங்க?" என்று கேட்டுத் தொலைத்தார். ஷோபனா ஆர்வமாக வாயைத் திறந்தாள். கஜபதி முந்திக்கொண்டான்.

"இவ காலேஜ் கெமிஸ்ட்ரி பாட்டில்ல நல்லாருக்கும். கோழி வயித்துல வேலைக்காவாது. பண்ணைய நடத்துறது நானு. இவ சும்மா சீட்டு எழுதற ஆளு."

பந்தியே சிரித்தது. பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்தார். ஷோபனா மட்டும் சாப்பிடாத இலையை மூடிவிட்டு எழுந்தாள். பக்கத்துத் தெருவிலிருந்த அம்மா வீட்டுக்குப் போனவள் திருத்தணிக்குத் திரும்பவில்லை.

"கொழுப்பு. அவளா வரட்டும்," என்றான் கஜபதி. அதையும் இருபது பேர் காதில் விழும்படி சொன்னான்.

இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட முருகவேல் ரயில்வேயில் வேலை பார்ப்பவன். எதற்கும் விதி எழுதாமல் அவனுக்குத் தூக்கம் வராது. "பாவா, நீங்க ரெண்டு பேரும் பேசினா வேலைக்காவாது. கோழியே பேசட்டும்," என்றான். ஒரே வயசுக் கோழிகள். ஒரு ஷெட்டுக்குப் பவுடர், இன்னொரு ஷெட்டுக்குத் திரவம். நாற்பதாம் நாள் ஷெட்டுக்கு நூறு முட்டை எடுத்து முருகவேலே எடை போடுவான். யாருடைய முட்டை இளைத்திருக்கிறதோ, அவர் ஜெயித்தவர் வாசலுக்குப் போய், "நான் சொன்னது தப்பு" என்று சொல்லி, சேர்ந்து வீட்டுக்கு வர வேண்டும். ஷோபனா ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டாள். கஜபதி மீசையைத் தடவியபடி ஒப்புக்கொண்டான்.

மீசை முதல் வாரத்திலேயே இறங்கிவிட்டது.

காலையில் தீவனம் கலக்கப் போனால் அடுத்த வாரத்துக் கணக்கு எழுதும் கட்டம் காலியாகக் கிடந்தது. தானே எழுதிப் பார்த்தான். கூட்டினால் நூற்றுக்கு நூற்றுப் பதினான்கு வந்தது. மூவாயிரம் கோழிகளின் சொந்தக்காரன் மூன்று வேளையும் முட்டையே சாப்பிட்டான். இட்லிக்கு மாவு அரைப்பதும் ஒரு கணக்கு என்று அப்போதுதான் தெரிந்தது. பதினோரு வருஷமாக அவள் போட்ட கணக்கில்தான் பண்ணை ஓடியது. அதைத்தான் பாயசத்துக்கு நடுவே 'சும்மா' என்று சொல்லியிருந்தான்.

நேரே போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் இருபது பேர் முன்னால், 'அவளா வரட்டும்' என்றவன் எந்த முகத்தோடு போவது? பந்தயத்தில் தோற்றவன் போவது வேறு. அதில் வெட்கமில்லை, வாக்குத் தவறாத ஆம்பிளை என்றுகூடச் சொல்வார்கள்.

ஆகவே கஜபதி தோற்றாக வேண்டும்.

இருபதாம் நாள் ரகசியமாக எடை போட்டுப் பார்த்தான். பவுடர் முட்டை ஐம்பத்தைந்து கிராம். திரவ முட்டை ஐம்பத்து நாலு. பாழாய்ப்போன பவுடர் ஜெயித்துக்கொண்டிருந்தது! அதனால்தான் இன்று இரண்டாவது குவளை.

நாலு நாளில் திரவ ஷெட்டுக் கோழிகள் தீவனத்தை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன. தொட்டியில் பாதி அப்படியே கிடந்தது. முட்டை ஐம்பத்திரண்டுக்கு இறங்கியது.

மெத்தியோனின் மிஞ்சினால் கோழி தீனி எடுக்காது என்று ஷோபனா எப்போதோ சொன்னது அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது. அவள் சொன்னதெல்லாம் இப்படித்தான், ஒரு வாரம் தாமதமாக அவன் காதில் விழுந்துகொண்டிருந்தது.

அன்று மாலை அவளே போன் செய்தாள். கஜபதி இரண்டாவது மணி அடிக்கும்போதே எடுத்துவிட்டு, இவ்வளவு சீக்கிரம் எடுத்திருக்கக் கூடாது என்று வருந்தினான்.

"என்னங்க. பிரிட்ஜ் மேல உங்க பிரஷர் மாத்திரை இருக்கு. போடறீங்களா?"

"போடறேன்."

'ஷோபனா, நான் பேசினது தப்பு' என்பது தொண்டை வரை வந்துவிட்டது.

"முட்டை ஐம்பத்தஞ்சு கிராம்," என்றான்.

"யாருது?"

"என்னுது."

"அப்படியா! ரொம்ப சந்தோஷங்க," என்றாள். குரலில் நிஜமாகவே ஒரு துள்ளல்.

குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்து அவன் போனை வைத்துவிட்டான். மாத்திரையும் போடவில்லை.

மறுநாள் அடுத்த வழி தோன்றியது. பவுடர் ஷெட்டில் பெரிய முட்டை இடுகிற நாற்பது கோழிகளைப் பிடித்துத் திரவ ஷெட்டுக்கு மாற்றினான். கோழிகள் புது இடத்தைப் பார்த்து மிரண்டு, நாற்பதும் ஒட்டுமொத்தமாக முட்டையிடுவதையே நிறுத்திவிட்டன. முழங்கை வரை கீறல்தான் மிச்சம்.

"பூனையா நைனா?" என்று விசாரித்தாள் ஜெயம்மா.

"ஆங். பூனை."

"நாப்பது பூனையா?"

பேச்சை மாற்றுவதற்காகக் கஜபதி பவுடர் ஷெட்டைப் பார்த்தான். பக்கவாட்டுக் கம்பிவலை முழுக்க ஈரச் சாக்கு தொங்கியது. உள்ளே குளுகுளுவென்று இருந்தது. கோழிகள் தொட்டியை வழித்துத் தின்றுகொண்டிருந்தன.

"இந்தப் பக்கம் மட்டும் ஏன் சாக்கு கட்டிக்கீறே?"

"வெயில் கொளுத்துது இல்ல? இருந்த சாக்கு ஒரு பக்கத்துக்குத்தான் பத்துச்சு." அவள் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. "எம் பொண்ணு. ஒரு நாளைக்குப் பத்து வாட்டி பண்ணுவா," என்றபடி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டாள்.

கஜபதி பஜாருக்கு ஓடி ஐம்பது சாக்கு வாங்கி வந்து, நனைத்து, திரவ ஷெட்டைச் சுற்றிக் கட்டினான். கட்டிய கையோடு காற்றும் நின்றது. உள்ளே இட்லிப் பானை மாதிரி புழுங்கியது. முட்டை ஐம்பத்தொன்று.

திருத்தணி மலையைப் பார்த்துக் கும்பிட்டான். "முருகா, என் கோழி தோத்துட்டா மொட்டை போட்டுக்கறேன்." சூரனோடு சண்டை போட்டு வந்த கோபத்தை இங்கே ஆற்றிக்கொண்டு உட்கார்ந்த சாமிக்கு, தோற்பதற்கு வேண்டிக்கொள்பவனின் கஷ்டம் புரியாமலா போகும்?

நாற்பதாம் நாள் காலை. ஆடிக் கிருத்திகை நெருங்கியதால் சாலையில் காவடிக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. இரண்டு ஷெட்டு முட்டையும் தனித்தனியாக எண்ணி வைத்தாயிற்று. பவுடர் அட்டைகளில் வெள்ளைச் சீட்டு, திரவ அட்டைகளில் மஞ்சள் சீட்டு. ஜெயம்மா வாளியோடு வெளியே போன இரண்டே நிமிஷத்தில் கஜபதி சீட்டுகளை மாற்றி ஒட்டினான். நாற்பது நாளில் முதல் முறையாக நிம்மதியாக மூச்சு விட்டு, குளித்து, அரக்கோணம் போவதற்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான்.

முருகவேல் மின்தராசோடு வந்து, ரயில் புறப்பாடு அறிவிக்கிற முகபாவத்தில் எடை போட்டான்.

"மஞ்சள் சீட்டு, அக்காவோடது... ஐம்பத்தொன்னு. வெள்ளைச் சீட்டு, உங்களுது... ஐம்பத்தாறு. பாவா, நீங்க ஜெயிச்சிட்டீங்க!"

கஜபதி அருகிலிருந்த தவிட்டு மூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்தான்.

"திரும்பிப் போடு."

"மூணு வாட்டி போட்டாச்சு. இன்னா பாவா, ஜெயிச்சவன் மூஞ்சியா இது? அக்காதான் இங்க வந்து சொல்லணும், நான் சொன்னது தப்புன்னு."

அந்தக் காட்சி கஜபதிக்குக் கண்ணெதிரே வந்தது. வாசலில் ஷோபனா தலை குனிந்து நிற்கிறாள். தப்பே செய்யாதவள், தப்பு என்று சொல்கிறாள். பந்தியில் அவன் பேசியது போதாதென்று அவள் வாயாலேயே அதற்கு முத்திரையும் குத்தியாகிறது. அதைக் காதால் கேட்டுவிட்டு அவளோடு எப்படி வாழ்வது?

"அவ வரக் கூடாது," என்று எழுந்தான். "இந்தப் பந்தயமே பொய், முருகவேலு. நான் ஏமாத்திட்டேன்."

"ஜெயிக்கறதுக்கா?"

"தோக்கறதுக்குடா! மருந்து அதிகமா ஊத்தினேன். கோழிய மாத்தினேன். காலைல சீட்டைக்கூட மாத்தி ஒட்டினேன். ஒண்ணுகூட உருப்படல. கோழிகூட என்னை மன்னிக்க மாட்டேங்குது."

"சீட்டை மாத்தியுமா நீங்களே ஜெயிச்சீங்க?" முருகவேல் தராசைத் தட்டிப் பார்த்தான்.

"எப்படின்னு எனக்கும் தெரியல. தெரிஞ்சிக்கவும் வேணாம். ரெண்டு ஷெட்டுமே நல்லாத்தான் இருந்திருக்கும், நான் கை வைக்காம இருந்திருந்தா." சுவரிலிருந்த சீட்டைக் கஜபதி முதல் முறையாக நேராகப் பார்த்தான். பிய்ந்துவிடாமல் மெதுவாக உரித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "நாப்பது நாளு. ஒரு வார்த்தை சொல்றதுக்கு நாப்பது நாளு கோழி முதுகுல ஒளிஞ்சிகினு இருந்தேன். பந்தயமும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம். நான் போய்ச் சொல்றேன்."

பைக்கைத் தள்ளிக்கொண்டு ஓடினான். உதைத்தான். கிளம்பவில்லை. இன்னொரு முறை உதைத்தான்.

பண்ணை வாயிலில் ஜெயம்மா வழியை மறித்துக்கொண்டு நின்றாள். காதில் போன்; முந்தானையில் வெள்ளைப் பவுடர் அப்பியிருந்தது.

"வண்டிய நிறுத்துங்க நைனா. அந்தம்மா 'நான் சொன்னது தப்பு'ன்னு சொல்றதுக்கு ரயிலு ஏறியாச்சு. உங்க ஷெட்டுக்குச் சாக்கு கட்டச் சொன்னதும், நீங்க மாத்தி ஒட்டின சீட்டைத் திருப்பி மாத்தி ஒட்டச் சொன்னதும் அவங்கதான்."