நர்சம்மா கொட்டிய கஞ்சி

இருதயசெல்வி உட்காருவதற்காக ஸ்டூலை இழுத்தபோது காலில் ஏதோ இடித்தது. குனிந்து பார்த்தாள். ஸ்டூலுக்கு அடியில் ஒரு மண் கலயம். மேலே மூடியிருந்த இலையை எடுத்தால், இளஞ்சூட்டோடு கேப்பைக் கஞ்சி.

"ஐயோ, மாதாவே!" என்று அலறிவிட்டாள்.

ஸ்டூலை ஒட்டின கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தார் மாரியப்பன். காணை கிராமத்துப் பக்கம் கரும்பு வெட்டுகிறவர். குடல் இறங்கி முறுக்கிக்கொண்டு, அலறிக்கொண்டே திண்டிவனத்துக்கு வந்து சேர்ந்தவர். முந்தாநாள்தான் டாக்டர் வயிற்றைத் திறந்து, கெட்டுப்போன குடலை வெட்டித் தைத்திருந்தார். அவர் சரி என்று சொல்லும்வரை பச்சைத் தண்ணீர்கூட வாயில் படக் கூடாது. உதட்டுக்கு ஈரப் பஞ்சு, அவ்வளவுதான்.

"பெரியவரே! இதைக் குடிச்சீங்களா?"

"எனக்கு எதுக்கு நர்சம்மா கஞ்சி?" என்றார் மாரியப்பன், கண்ணைத் திறக்காமலே.

கேட்டீர்களா பேச்சை! தலைமாட்டில் மாரியப்பனின் பெண்சாதி கெங்கம்மாள் ஒன்றுமே தெரியாதவள்போல முந்தானையால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நீதானே வச்ச?"

கெங்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். இருதயசெல்வி கலயத்தைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. பொங்கலுக்கு முன்பு இதே கட்டிலில் சவுரிராயன் என்று ஒரு வாலிபன் கிடந்தான். இதே ஆபரேஷன். பிள்ளை பசி பொறுக்க மாட்டானே என்று பெற்றவளே ஒரு தம்ளர் கஞ்சியை ஊற்றிவிட்டாள். இருதயசெல்வி அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வருவதற்குள் நடந்த காரியம். தையல் விட்டு, துடித்துச் செத்தான். அன்றிலிருந்து இவளுக்குக் கஞ்சியும் விஷமும் ஒன்றுதான்.

இன்றைக்கோ அவள் மனசும் ஒரு நிலையில் இல்லை. முந்தாநாள் மாரியப்பனை ஆபரேஷன் மேஜையிலிருந்து இறக்கும் நேரம் பார்த்து விழுப்புரத்திலிருந்து ஆள் வந்துவிட்டது. அம்மாவுக்கு முடியவில்லை, உடனே புறப்படு என்று. கூட வேலை பார்த்த நர்ஸ் யுத்தத்துக்குப் போய்விட்டாள். இந்த மனுஷனை யாரிடம் விட்டுப் போவது? விடியட்டும், நாடி தேறட்டும் என்று கட்டிலோரமே இருந்துவிட்டாள். மாற்று ஆள் கிடைத்து நேற்று ரயிலேறிப் போனால், அம்மா போய்ச் சேர்ந்திருந்தாள். பெற்றவள் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடக் கொடுத்து வைக்கவில்லை. சாயங்காலம் குழியில் ஒரு பிடி மண் போட்டாள். இருந்து அழுவதற்கு அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை. காலை ரயிலில் திரும்பி வந்து தொப்பியை மாட்டிக்கொண்டாள்.

வார்டு ஆள் ராயப்பனிடம் மட்டும் சொல்லி, "யாருக்கும் சொல்லாதீங்கண்ணே" என்றிருந்தாள். ராயப்பனிடம் ரகசியம் சொல்வதும் தெருவில் தமுக்கு அடிப்பதும் ஒன்று என்பது துக்கத்தில் மறந்துபோயிற்று. அவர் கொண்டு வந்து வைத்த காப்பி ஆடை கட்டிக் கிடந்தது.

"அண்ணே, அந்தம்மாவை வெளியே அனுப்புங்க. உள்ளே விடவே கூடாது."

"பாவம்மா அது, புருசனுக்கு ஈ ஓட்டிக்கினு..."

"ஈயை நான் ஓட்டிக்கறேன்!"

கெங்கம்மாள் வெளியே போனாள். சனியன் விட்டது என்று இருதயசெல்வி அடுத்த வரிசைக்கு மருந்து கொடுத்துவிட்டுத் திரும்பினால், ஸ்டூலுக்குப் பின்னால் ஜன்னல் திட்டில் இன்னொரு கலயம்!

"இது எப்படி வந்தது?"

கால் ஆபரேஷன் ஆகிப் பக்கத்துக் கட்டிலில் கிடந்த கோதண்டபாணி விட்டத்தைப் பார்த்தார். ராயப்பன் தரையைப் பார்த்தார். வார்டே ஒரு கட்டு என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று. அதையும் கொட்டினாள். ஜன்னல்களைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

சித்திரை வெயில். கொஞ்ச நேரத்தில் வார்டு வெந்துபோனது. "யம்மா, எங்களை அவிச்சு எடுக்கறீங்களே!" என்று ஆளுக்கு ஆள் கூப்பாடு. மாரியப்பனுக்கோ நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. ஜன்னலைத் திறக்கவும் பயம், திறக்காமல் இருக்கவும் பயம். கடைசியில் அவள் ராயப்பனை உதவிக்கு வைத்துக்கொண்டு, மாரியப்பனின் கட்டிலை மெள்ள நகர்த்தித் தன் மேஜையோடு ஒட்டிப் போட்டாள். கண்ணெதிரே கிடக்கட்டும், எந்தக் கொம்பன் வந்து ஊற்றுகிறான் பார்ப்போம்!

சாயங்காலம் டாக்டர் வந்தார். மேஜைக்கு அடியில் எதையோ உதைத்தார். உருண்டது கலயம். டாக்டரின் பளபளக்கும் பூட்ஸ் மேலெல்லாம் கேப்பைக் கஞ்சி.

"என்ன இது? உங்க மேஜைக்கு அடியிலேயேவா? ஒருத்தன் செத்தது போதாதா, நர்ஸ்? இன்னொரு தரம் பார்த்தேன், இந்த வார்டை விட்டு உங்களை மாத்திடுவேன்!"

அவர் போனதும் அவள் உருண்ட கலயத்தை எடுத்து வைத்துத் தரையைத் துடைத்தாள். தாயையும் விட்டோம், பேரையும் விட்டோம், இந்த மனுஷனையும் விட்டுவிடுவோமோ? அந்த நேரம் பார்த்தா கெங்கம்மாள் முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு, மேஜைப் பக்கம் பூனை நடை நடந்து வர வேண்டும்! இருதயசெல்வி பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள். கஞ்சி சிதறி வெள்ளை உடுப்பு முழுக்க வழிந்தது.

"பாவி! கட்டின புருஷனைக் கொல்லவா பாக்கற? நான் எவ்வளவு பாடுபட்டு... எதையெல்லாம் விட்டுட்டு..." இரண்டு நாளாக எங்கேயோ அடைத்துக் கிடந்த அழுகை எல்லாம் அப்போது வந்தது. கஞ்சி வழியும் உடுப்போடு ஸ்டூலில் உட்கார்ந்து, அத்தனை பேர் பார்க்க, குழந்தை மாதிரி அழுதாள்.

கெங்கம்மாளும் அழுதாள். "கேட்டு ஊத்தக் கூடாது நர்சம்மா, வச்சிட்டுப் போயிடணும். அதான் எங்க ஊரு மொறை. அதுவுமில்லாம எங்க கையால வாங்குவீங்களோ என்னமோன்னு..."

"என்ன முறை? யாருக்கு முறை?"

"அவள வையாதீங்க. நான்தான் கொண்டாரச் சொன்னேன்" என்றார் மாரியப்பன். வறண்ட உதட்டை அசைக்க அவருக்குக் கஷ்டமாக இருந்தது. இருதயசெல்வி அழுகையோடு அழுகையாகப் பஞ்சை நனைத்து அந்த உதட்டில் ஒற்றினாள்.

அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கில்ல நர்சம்மா, எழவு வூட்டுல அடுப்பு மூட்டக் கூடாது, பக்கத்துல இருக்கறவங்கதான் கஞ்சி வைக்கணும், உங்களுக்குப் பக்கத்துல இந்தக் கட்டிலை வுட்டா யாரு இருக்காங்க?"