டம்ளர் அண்ணன் கழற்றிய பிளக்-இன்கள்

கொடைக்கானல் மலையில் கம்ப்யூட்டரை நேருக்கு நேர் திட்டி ஜெயித்த ஒரே மனிதர் டம்ளர் அண்ணன்தான். இரண்டாயிரங்களின் நடுவில், எதிரொலி அடங்கச் சுவரெங்கும் பூண்டுச் சாக்கு அடித்து அவர் நடத்திய ஒலிப்பதிவு அறையில் நான் கீபோர்டு வாசித்தேன். அங்கே பாடிவிட்டு வீட்டுக்குப் போனால் மேலெல்லாம் ரசம் மணக்கும்.

பதிவுக்கு முன் மைக் அருகே எவர்சில்வர் டம்ளரைத் தட்டுவார். சத்தம் ஹெட்போனில் பிந்தி வந்தால் கம்ப்யூட்டரின் பரம்பரையையே இழுத்துத் திட்டிவிட்டு, அதைச் சரிசெய்த பிறகுதான் அடுத்த வேலை.

ஒருநாள் பக்திப் பாட்டு சிடி போட மதுரையிலிருந்து ஒரு தயாரிப்பாளர் வந்தார். இது என்ன பாத்திரக் கடையா என்று டம்ளரைப் பிடுங்கி வைத்தார். பாடும்போதே குரல் மினுங்க வேண்டுமென்று, மெருகேற்றும் பிளக்-இன் மென்பொருள்களை ஏழெட்டு போடவைத்தார்.

பாட வந்தவள் செல்வி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். பக்கத்துக் கவுஞ்சி கிராமத்தில் கேரட் பிடுங்கும் கூலி வேலை. அவளுக்கு இது முதல் பாட்டு. அத்தனை மெருகையும் பூசி முடித்து கம்ப்யூட்டர் அவள் குரலை அவள் காதுக்கு அனுப்புவதற்குள், அவள் அடுத்த சொல்லுக்குப் போயிருப்பாள். குழம்பித் தாளத்தை விட்டாள். ஏழாவது தடவை, இவளுக்குத் தாளமே வராது, மத்தியானத்துக்குள் வேறு ஆளைக் கூப்பிடுகிறேன் என்றார் தயாரிப்பாளர். செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். நான் கீபோர்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் எழுந்தார். ஹெட்போனைத் தயாரிப்பாளர் தலையில் மாட்டி, மைக் முன்னால் நிறுத்தி, பேரும் ஊரும் சொல்லச் சொன்னார். ஊரையே அதட்டும் மனிதர், தன் குரலே பின்னால் துரத்திவர, சொந்தப் பெயரில் மூன்று முறை திக்கினார்.

"ஒங்க பேரே ஒங்களுக்கு வரல, பாத்தீங்களா? பிந்துறது கம்ப்யூட்டர் பெட்டிதாங்க, பிள்ள இல்ல. இந்தப் பாட்டை இவதான் பாடுவா. இல்லேன்னா ஒங்க சோலிய வேற எடத்துல பாத்துக்கங்க."

பதில் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. பிளக்-இன்களை வரிசையாகக் கழற்றினார். மெருகெல்லாம் பாடி முடித்த பிறகு பூசிக்கொள்ளலாமாம். செல்வி நிமிர்ந்தாள்.

"தயாரிப்பாளர் ஐயா இங்கனயே இருந்து கேக்கட்டும்ணே. நான் பாடுறேன்."

ஒரே தடவையில் பாடி முடித்தாள். தயாரிப்பாளர், தான் பிடுங்கி வைத்த டம்ளரை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார்.

அண்ணனைக் கிறுக்கன் என்பவர்களோடு இன்றும் சண்டைக்குப் போகிறேன். பெட்டிதான் பிந்துகிறது என்று அன்றைக்கு எனக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை; அவர் திறந்தார். அதனால்தான் அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.