டப்பா ஆர்டர் தாமதமாவது குறித்து மைத்துனருக்கு

அன்பிலும் மரியாதையிலும் குறைவைக்க முடியாத மாப்பிள்ளைக்கு, உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் அக்காவும் சுகம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியோடு பேச்சுவார்த்தையில் இருக்கிறது. அங்கே நீங்களும் வீட்டம்மாவும் குழந்தைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு பிளாஸ்டிக் டப்பாக்களைக் காட்டி ஆர்டர் எடுக்கும் அந்தப் பார்ட்டி எங்கள் வீட்டில் நடந்து இத்தனை நாளாகியும் டப்பா ஆர்டர் ஏன் வந்து சேரவில்லை என்று உங்கள் வீட்டம்மா போனில் கேட்டாராம். உங்கள் அக்காவை இந்த வியாபாரத்தில் இறக்கிவிட்டவரே அவர்தான். அவருக்குப் பதில் சொல்ல வேண்டியது நியாயம். உங்கள் அக்கா சொல்லமாட்டாள் போலிருக்கிறது, ஆகவே நான் எழுதுகிறேன்.

நான் டெண்டர் பிரிவில் உத்தியோகம் பார்த்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று மணிக்குப் பெட்டியை மூடினால் மூடியதுதான். மேலதிகாரியின் மருமகனே மூச்சிரைக்க ஓடிவந்தாலும் அதே மூச்சோடு திரும்பி ஓட வேண்டியதுதான். அப்படிப்பட்டவன் வீட்டில் ஒரு டப்பா ஆர்டரை மூட முடியவில்லை. வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்று சொன்னவர்கள், ஆர்டரை முடித்துப்பார் என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்காமல் போனது ஏனென்று தெரியவில்லை.

பார்ட்டியன்று ஹாலில் நாற்காலி போதாமல் என் சாய்வு நாற்காலியும் பறிபோயிற்று. நான் படுக்கையறைக் கதவோரம் நின்று, பேப்பர் படிப்பதுபோல் எல்லாவற்றையும் பார்த்தேன். உங்கள் அக்கா ஒரு டப்பாவில் தண்ணீர் நிரப்பி, மூடியை அழுத்தி, "ஒரு சொட்டு விழாது, பாருங்க" என்று தலைகீழாகக் கவிழ்த்தாள். சொட்டு விழவில்லை. மொத்தமாக விழுந்தது, அதுவும் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவின் மடியில். போச்சு, மானம் கப்பலேறியது என்று நான் கண்ணை மூடிக்கொண்டால், அந்தம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டு, "எனக்கு இதுல ரெண்டு எழுதிக்கோங்க" என்கிறார்! மடியில் ஒழுகிய டப்பாவை ஒருவர் ஏன் வாங்க வேண்டும்? அன்றைக்குப் பிடித்த யோசனை இன்னும் என்னை விடவில்லை.

மறுநாளே தையல்காரம்மா வந்து மணியடித்தார். "அக்கா, அந்தப் பெரிய டப்பாவ சின்னதா மாத்திடுங்களேன்." சொல்ல வேண்டியது ஒரு வரி, ஆனால் டீ ஆறி, மறுபடி சூடாகி, மறுபடி ஆறும் வரை உட்கார்ந்திருந்தார். அவர் போனதும் எதிர்வீட்டு நர்ஸ். "அவங்க சின்னதா மாத்திட்டாங்களாமே, அப்ப எனக்குப் பெருசா போடுங்க." அடுத்தது மேல்மாடி டீச்சர். "மத்தவங்க என்ன வாங்கறாங்கன்னு முடிவாகட்டும், அப்புறம் நான் சொல்றேன்." மற்றவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். அப்படியானால் முதலில் முடிவெடுப்பது யார், எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. மூடியின் நிறத்தில் ஏதாவது சிக்கலோ என்று ஆராய்ந்தேன், இல்லை. நர்ஸையே நிறுத்தி, "ஏம்மா, உங்க அலமாரிக்கு எந்த அளவு சரிப்படும்?" என்று கேட்டேன். "வீட்டுல போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன் சார்" என்றார். எதிர்வீட்டு அலமாரி, மாப்பிள்ளை! இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார். பார்த்த வரைக்கும் சொல்லிவிட்டுப் போகத் தினமும் வருகிறார்.

உங்கள் அக்காவிடம் கேட்டால் அவளும், "அவங்க இன்னும் யோசிக்கறாங்க. உங்களுக்கென்ன அவசரம்?" என்கிறாள். நான் ஓய்வுபெற்று இந்தக் குடியிருப்புக்கு வந்த நாளாக எங்கள் வாசல் மணியை அடித்தவர்கள் கேஸ்காரரும், வேறு வீடென்று தெரியாமல் தவறி வந்தவர்களும்தான். நான் பேசாத ஆள். அவள் ரேடியோவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது மதியமே முகம் கழுவி, நல்ல புடவை மாற்றிக்கொண்டு, ஆர்டர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்துவிடுகிறாள். வேலையில் இவ்வளவு அக்கறை இருப்பவள் வேலையை முடிக்க மட்டும் மறுப்பது ஏன் என்பதுதான் என் கேள்வி.

கடைசியில் எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். மாடிப்படிச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினேன். "வெள்ளி மாலை ஐந்து மணியோடு ஆர்டர் முடிவடைகிறது. பின்னர் வரும் மாற்றங்கள் ஏற்கப்பட மாட்டா." பலித்தது பாருங்கள்! வெள்ளியன்று எல்லோரும் வரிசையாக வந்து, உட்காராமலே அளவும் நிறமும் சொல்லிப் போனார்கள். ஐந்தடித்ததும் கோடு போட்டுக் கையெழுத்திட்டேன். பழைய கம்பீரம் திரும்பியதுபோல் இருந்தது. தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். சரக்கை உடனே அனுப்பச் சொல்லவும்.

வீட்டம்மாவுக்கு எங்கள் விசாரிப்பைச் சொல்லவும். குழந்தைகள் படிப்பிலும் குறும்பிலும் ஒருசேர முன்னேற ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள அத்தான்

பி.கு.: தாளை இணைக்கவில்லை. உறைக்குள் தேட வேண்டாம்.

கடிதத்தை ஒட்டித் தபாலில் போடாமல் மேஜையிலேயே வைத்துவிட்டேன். சனிக்கிழமை மணியடிக்கவில்லை. ஞாயிறும் இல்லை. உங்கள் அக்கா வழக்கம்போல் பெரிய பாத்திரத்தில் டீ போட்டுவிட்டு, மீதியைக் கொட்டினாள். திங்களன்று, "மணி ரிப்பேரான்னு கொஞ்சம் பாருங்களேன்" என்றாள். வெளியே போய் அழுத்திப் பார்த்தேன். கணீரென்று அடித்தது. உள்ளேயிருந்து, "இதோ வந்துட்டேன், வாங்க வாங்க!" என்று ஓடிவந்து கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும், "ஓ, நீங்களா" என்றாள். மாப்பிள்ளை, எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை நாள் ஆராய்ந்தும் கண்ணெதிரே இருந்தது தெரியவில்லையே என்று தாங்கவில்லை.

நேரே கீழே போய்த் தையல்காரம்மாவிடம், "நீங்க எழுதின டப்பா கொஞ்சம் சின்னதோன்னு எனக்கு ஒரு சந்தேகம்" என்றேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "எனக்கும் அதேதான் சார்! நீங்க நோட்டீஸ் ஒட்டிட்டீங்களா, இனிமே என்ன சாக்கு சொல்லி வர்றதுன்னு நாங்கள்லாம் முழிச்சிட்டிருந்தோம்." நோட்டீஸைக் கிழித்து எறிந்தேன். இதை எழுதும்போது ஹாலில் மூவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். சிரிப்பில் என் பேனா நகரமாட்டேன் என்கிறது.

ஆகவே உங்கள் வீட்டம்மாவை எப்படியாவது பொறுத்துக்கொள்ளச் சொல்லவும். எனக்கும் ஒரு டப்பா எழுதச் சொல்லியிருக்கிறேன். எந்த அளவு என்று இன்னும் முடிவு செய்யவில்லை.