மேலிடத்தில் பேசி முடித்தவர்

உங்கள் காலை நன்றாக மிதித்துவிட்டு, உங்களைத் தாண்டிப் போய், கண்ணை மூடிக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டு, அது கிடைத்தும்விட்ட பூரிப்போடு திரும்பி வந்து, இன்னும் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உங்களைப் பார்த்து, "இன்னுமா வலிக்குது?" என்று ஆச்சரியப்படுகிறவர்களைச் சந்தித்திருக்கிறீர்களா? இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். லிங்கராஜபுரத்தில் எங்கள் ஒரு சபையிலேயே ஒரு பெஞ்சு நிறையத் தேறுவார்கள். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் மேலிடத்தார். கவுன்டரில் கிளார்க்கைப் பார்த்து முடிக்க வேண்டிய வேலையை, கிளார்க் முகத்தைக்கூடப் பார்க்காமல், நேரே மந்திரி வீட்டில் முடித்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டல்லவா? அந்த ஜாதி.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். எழுப்புதல் கூட்டங்களில் நடைபாதையை ஒட்டிய நாற்காலியில்தான் உட்காருவார்கள். பிரசங்கியார் குரலைத் தாழ்த்தி, கீபோர்டு வாசிப்பவர் மெல்ல ஒரு ராகத்தைத் தொட்டு, "மனந்திரும்ப விரும்புகிறவர்கள் முன்னால் வாருங்கள்" என்ற அழைப்பு வந்ததும், பக்கத்தில் இருப்பவர் முழங்காலில் இடித்துக்கொள்ளாமல் எழுந்து போக வேண்டுமே! கைக்குட்டை முன்கூட்டியே கையில் இருக்கும். அழுகை நிஜமான அழுகைதான், அதில் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் மனந்திரும்புவது எப்போதும் மொத்த வியாபாரம். சில்லறைக்கு இடமில்லை. "நான் மகா பாவி" என்று ஒரு மைதானமே கேட்கும்படி கதறுவார்கள். "உங்க பூந்தொட்டிய உடைச்சது என் ஸ்கூட்டர்தாங்க" என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம்.

அழுது முடித்துத் திரும்பி வரும்போது நிச்சயத்தோடு வருவார்கள். அந்த நிச்சயத்தைச் சும்மா வைத்திருக்கவும் முடியாது. பால் வாங்கப் போகிறவரை மறித்து, "இன்னைக்கு ராத்திரி உங்க உயிர் போச்சுன்னா எங்க போவீங்க? நிச்சயமா தெரியுமா பிரதர்?" என்பார்கள். எனக்குக் கல்பள்ளிக் கல்லறை வரைக்கும்தான் நிச்சயமாகத் தெரியும் என்று ஒருநாள் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து அவர்கள் ஜெபத்தில் என் பெயரும் இருக்கிறது.

இந்த இனத்தின் தலைமகன் எங்கள் கிளாரன்ஸ். ஸ்டோர்ஸ் கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவர், வெண்கலக் குரல், சபையில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் பிளாஸ்க்கில் கஞ்சியோடு முதலில் போய் நிற்கிற மனிதர். கெட்டவர் என்று நான் சொல்லவே இல்லை. கெட்டவராக இருந்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லையே!

எங்கள் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். சம்பந்தம் பேசும்போது, பெண் வீட்டுக்குத் தெரியாமல், அவர்கள் சபையில் ஒரு பெரியமனிதரைப் பிடித்துக் குடும்பம் எப்படி என்று விசாரிப்பார்கள். எங்கள் பாடகர் குழுவை நடத்தும் மௌரீன் டீச்சரின் மகள் ஸ்வர்ணாவுக்கு அடுகோடியிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் வீட்டார் விசாரித்தது கிளாரன்ஸிடம். அந்தக் கிறிஸ்மஸில்தான் அவர் கேட்ட தனிப்பாட்டை மௌரீன் வேறொருவருக்குக் கொடுத்திருந்தார். போனில் கிளாரன்ஸ் ஒரு பொய்யும் சொல்லவில்லை. "நல்ல குடும்பம். பொண்ணு தங்கம். ஆனா..." என்று இழுத்து ஒரு பெருமூச்சு விட்டார். ஆனால் என்ன என்று அந்தப் பக்கம் பதறியது. "வேணாம் விடுங்க, நமக்கெதுக்கு? நல்லா ஜெபிச்சு முடிவெடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதோடு அடுகோடி வாய் மூடிக்கொண்டது. காரணம் தெரியாமல் மௌரீனும் மகளும் தவித்துப் போனார்கள். வேறு எதையோ கண்டுபிடித்துவிட்டார்களோ, சம்பளத்தில் குறையோ, நிறத்தில் குறையோ என்று அந்தப் பெண் தன்னையே சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருந்தாள்.

காரணத்தைக் கடைசியில் சொன்னவரும் கிளாரன்ஸ்தான். எப்படிச் சொன்னார் என்கிறீர்கள்? எழுப்புதல் கூட்டத்தில் முன்னால் போய் முழங்காலிட்டு அழுது தீர்த்தார். அடுத்த ஞாயிறு சாட்சி சொல்லும் நேரத்தில் மைக்கைப் பிடித்தார். "ஒரு சகோதரியோட மகளுக்கு வந்த சம்பந்தத்த, ஒரு பாட்டு விஷயமா வந்த கோவத்துல, என் வாயாலயே கெடுத்தேன். பேர் சொல்ல விரும்பல. அந்தச் சகோதரி நம்ம குயர நடத்துறவங்கதான். ஆண்டவர் என்னை மன்னிச்சிட்டார்!" என்றார். சபை முழுக்க "அல்லேலூயா" என்றது, முழுக்கத் திரும்பி மௌரீனைப் பார்த்தது. கிளாரன்ஸ் பளு இறங்கிய முகத்தோடு போய் உட்கார்ந்தார். பளு எங்கே இறங்கியது என்பதை நான் அந்தத் தாயின் முகத்தில் பார்த்தேன்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் மௌரீன் அவரை நிறுத்தினார்.

"பிரதர், அடுகோடிக்கு ஒரு போன் போட்டு, பொண்ணு மேல ஒரு குறையும் இல்லன்னு சொல்லிடுங்க. எனக்கு அது போதும்."

"சிஸ்டர், அது முடிஞ்சுபோன விஷயம். ஆண்டவர் மன்னிச்சிட்டார். அங்க ஃபைல் க்ளோஸ்."

"அங்க க்ளோஸ், சரி. அடுகோடில ஓப்பனாதானே இருக்கு?"

"பழசக் கிளறக் கூடாது சிஸ்டர். மன்னிச்சத மறுபடி தோண்டுனா அது அவிசுவாசம். உங்க மனசுல கசப்பு இருக்கு. உங்களுக்காக நான் உபவாசம் இருக்கேன்."

இருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் பட்டினி கிடந்தார், அதைச் சபை முழுவதும் அறியும்படி கிடந்தார். விடியற்காலையில் எழுந்து ஸ்வர்ணாவின் எதிர்காலத்துக்காகக் கண்ணீரோடு மன்றாடினார். சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. ஒரு மனிதர் ஒரு போன் பண்ணாமல் இருப்பதற்கு இவ்வளவு பாடுபட்டு நான் பார்த்ததில்லை. எப்போது கேட்டாலும், "ஜெபத்துல இருக்கேன் பிரதர். ஆண்டவரோட ஏவுதல் வரட்டும், பேசுறேன்" என்பதுதான் பதில்.

ஏவுதல் வரவில்லை. மௌரீன்தான் வந்தார். ஒரு ஞாயிறு, ஜெப விண்ணப்பங்கள் கேட்கும் நேரத்தில், முட்டிவலியும் விசாவும் முடிந்த பிறகு, எழுந்து நின்றார்.

"கிளாரன்ஸ் பிரதருக்காக ஒரு விண்ணப்பம் பாஸ்டர். அவர் போன் கொஞ்ச நாளா சரியில்ல. எல்லா ஊருக்கும் போகுது, அடுகோடிக்கு மட்டும் லைன் கிடைக்கல. சபையா சேர்ந்து ஜெபிக்கணும்."

எங்கள் பாஸ்டர் இளைஞர், காக்ஸ் டவுன்காரர், விவரம் தெரிந்தவர். சிரிக்கவே இல்லை. தலை குனிந்து அந்தப் போனுக்காக உருக்கமாக ஜெபித்தார். நாங்கள் எல்லாரும் "ஆமென்" என்றோம், சிலர் வாயைப் பொத்திக்கொண்டு. பிறகு அவர், "பிரதர், வெளிய போய் ஒரு தடவ ட்ரை பண்ணிப் பாருங்களேன்" என்றார்.

கிளாரன்ஸ் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். மைதானமே பார்க்க முன்னால் நடந்த மனிதர், வண்டிகள் நிறுத்தியிருக்கும் இடத்தில், என்னைத் தவிர யாரும் பார்க்காதபோது, அடுகோடி நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். போனை எடுத்தது பையனின் அம்மா.

"அம்மா, நான் லிங்கராஜபுரத்திலேருந்து கிளாரன்ஸ் பேசுறேன். அன்னைக்கு நான் 'ஆனா'ன்னு இழுத்தேனே, அதுல ஒண்ணுமே இல்லம்மா. பொண்ணு மேல ஒரு குறையும் கிடையாது. அவங்க அம்மா எனக்குப் பாட்டுத் தரலன்னு எனக்குக் கோவம். அதான்."

கண்ணீர் இல்லை. கைக்குட்டை இல்லை. கீபோர்டு இல்லை. இத்தனை வருஷத்தில் கிளாரன்ஸ் மனந்திரும்பியதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். நிஜமாகவே எனக்கு அவர்மேல் அன்பு பொங்கியது.

அந்த அம்மா, "இத அப்பவே சொல்லியிருக்கலாமே பிரதர். போன வாரம்தான் பையனுக்கு வேற இடத்துல பேசி முடிச்சோம்" என்றார்.

ஆராதனை முடிந்ததும் கிளாரன்ஸ், மகளோடு ஸ்கூட்டர் எடுக்க வந்த மௌரீனிடம் போனார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். "தப்பு பண்ணிட்டேன் சிஸ்டர். மன்னிச்சிடுங்க" என்றார். மௌரீன் அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். ஹெல்மெட்டை மாட்டினார்.

"சரி" என்றார்.

பின்னால் ஏறிய ஸ்வர்ணாதான், "அங்கிள், அடுத்த தடவ யாராச்சும் கேட்டா 'ஆனா' இல்லாம சொல்லுங்க" என்றாள். ஸ்கூட்டர் போய்விட்டது. கிளாரன்ஸ் என் பக்கம் திரும்பினார்.

"பிரதர், 'சரி'ன்னா என்ன அர்த்தம்? மன்னிச்சிட்டாங்களா, இல்லையா?"

"தெரியலையே பிரதர்."

"நிச்சயமாத் தெரியணுமே!"

ஊருக்கெல்லாம் நிச்சயம் வழங்கிய மனிதர் இப்போது ஞாயிறுதோறும் குயர் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு என்னப் பாத்து லேசா சிரிச்ச மாதிரி இல்ல?" என்று என்னிடம் கேட்கிறார். மேலிடத்துக்கு எல்லாரும் ஏன் ஓடுகிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அங்கே என்ன பதில் வரும் என்பது போவதற்கு முன்பே தெரியும். கீழே மௌரீன் இருக்கிறார். அவர் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் போகலாம். அவர் இஷ்டம்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், நாம் சர்ச்சுக்கே போவதில்லையே என்று சாய்ந்து உட்காருகிறீர்களா? திருப்பதியில் மொட்டை போட்டீர்களே, எதற்காக? பணம் கட்டித் தியான வகுப்புக்குப் போய் உங்களை நீங்களே மன்னித்துக்கொண்டு, முகமெல்லாம் ஒளியாகத் திரும்பினீர்களே, மிதிபட்ட ஆளிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா? இதைப் படிக்கும்போது உங்கள் மனதில் ஒரு பெயர் வந்து போனதே, அதைத்தான் கேட்கிறேன். அந்த ஆளின் நம்பர் உங்கள் போனில் இருக்கிறது. மனதைக் கொஞ்சம் தயார்படுத்திக்கொண்டு, நல்ல நேரம் பார்த்து, ஜெபித்துவிட்டுப் பேசலாம் என்கிறீர்களா? தாராளமாக. கிளாரன்ஸும் அப்படித்தான் ஜெபித்துக்கொண்டிருந்தார். அதற்குள் அடுகோடியில் பேசி முடித்துவிட்டார்கள்.