செயலாளர் வீட்டுப் புகார்ப் பெட்டி

"மறுபடியும் வந்திருக்கு பாரு!" என்று செயலாளர் ஒரு சீட்டை மனைவியின் மூக்குக்கு நேரே ஆட்டினார். "சாயங்கால ரேடியோக் கூட்டத்துல ஒருத்தர் மைக் பட்டனை அமுக்கினா விடுறதே இல்லையாம், மத்தவங்க யாரும் பேச முடியலையாம்."

"உங்களைத்தான் சொல்றாங்க," என்றாள் அவள், நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பேர் போடலையே!"

எப்படிப் போடுவார்கள்? பெயர் வந்தால் சண்டை வரும், ஆகவே புகாரில் யார் பெயரும் கூடாது என்று அவரவர் வீட்டிலிருந்தே ரேடியோவில் பேசிக்கொள்ளும் அந்த ஹாம் ரேடியோ கிளப்புக்குச் சட்டம் போட்டதே இவர்தான். பகலில் நசுங்கிய கார்களைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதுகிற உத்தியோகம். யார் எதைச் சொன்னாலும் நம்பாமலிருக்கச் சம்பளம் வாங்குகிற மனிதர். பலமுறை நின்று தோற்று, போன வருஷம்தான் செயலாளர் நாற்காலி கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி தேர்தல். போட்டிக்குப் பல் டாக்டர்.

"எல்லாம் அவன் வேலை. பெட்டி கிளப்புல இருந்தா அவனே எழுதி அவனே போடுவான்."

ஆகவே மரப்பெட்டியைச் சுமந்துகொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். ரேடியோ மேஜையில் ஏது இடம்? ஹெட்போனைத் தள்ளி, மைக்கை நெருக்கி, ஒருவழியாகப் பெட்டியை உட்கார வைத்தார்.

அன்று சாயங்காலம் ரேடியோவில் ஈ, எறும்புகூடப் பேசவில்லை. மறுநாளும் அப்படித்தான். கதவிடுக்கில் மட்டும் சீட்டு வந்தது: 'அலைவரிசையில் ஒருவர் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறார்.'

"பார்த்தியா? நான் கேட்டா ஒருத்தனும் வாயைத் திறக்கறதில்ல. எழுதறது மட்டும் இப்படி. கூட்டுச் சதி!" சீட்டைப் பெட்டிக்குள் திணித்தார். "அந்த டாக்டர் வலது பல்லு வலிச்சா இடது பல்லைப் பிடுங்குறவன். அவனுக்கு ஜால்ரா அந்தத் தையற்காரன். அவன் தெச்ச பேன்ட்டைப் போட்டு உட்கார்ந்தா எழுந்திரிக்க முடியாது."

மறுநாள் காலையில் தையற்காரரே வாசலில் நின்றார்.

"ஐயா, அலைவரிசையை அடைக்கிறது யாருன்னா..."

"பேர் சொல்லக் கூடாது! சட்டம்!"

"சரிங்க. அந்த பேன்ட்டையாவது குடுங்க, பிரிச்சுத் தெச்சுத் தரேன்."

செயலாளர் படாரென்று கதவைச் சாத்திவிட்டு உள்ளே ஓடினார்.

"பேன்ட் விஷயத்தை நீ சொன்னியா?"

"எனக்கு வேற வேலை இல்ல பாருங்க."

"உன் தம்பி?"

"அவன் பேச்சை எடுத்தீங்க, இன்னிக்கு அடுப்பு எரியாது."

அப்படியென்றால் வீட்டில் ஒட்டுக்கேட்கும் கருவி! சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினார். தலையணைகளைக் கிழித்தார். சாயங்காலம் ரேடியோ அறைக்கு வந்து மின்விசிறியின் மூடியைத் திருகும்போது மனைவி பின்னாலேயே வந்தாள்.

"இந்தப் பாழாப்போன பெட்டி வந்த நாள்லேருந்துதான் உங்களுக்குக் கிறுக்கு. தூக்கிக் குப்பையில போடுறேன்!"

"தொட்டே, நடக்கிறதே வேற! அது கிளப் சொத்து!"

அவ்வளவுதான். மாமியார், நாத்தனார், முழங்கால் தைலம், குறட்டை, கல்யாணத்தன்று இவர் சொல்லாமல் தூங்கப் போனது என்று ஒன்று விடாமல் எடுத்தாள். மறுநாள் சாயங்காலமும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

அதோடு புகார்ச் சீட்டு நின்றுபோனது. செயலாளருக்குச் சந்தேகம் இரட்டிப்பானது. பல் டாக்டர் தெருவில் பார்த்து முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தார். மருந்துக் கடைக்காரர் கேட்காமலே முழங்கால் தைலத்தை எடுத்து நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை, சதிகாரர்களைக் கிழித்துத் தொங்கவிடும் பேச்சோடு கிளப்புக்குள் நுழைந்தார். உறுப்பினர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அவர் தொண்டையைக் கனைப்பதற்குள் டாக்டர் எழுந்தார்.

"நான் விலகிக்கிறேன். இவரே செயலாளரா இருக்கட்டும்."

அத்தனை கையும் மேலே போனது. சின்னப் பிள்ளைகள்கூடத் தூக்கின.

செயலாளர் மேஜையைத் தட்டினார். "என்ன நாடகம் இது? மரியாதையாச் சொல்லுங்க, நான் எதுக்கு?"

பின்வரிசையிலிருந்து டாக்டரின் அம்மா பதறி எழுந்தாள்.

"என்ன தம்பி இப்படிக் கேக்குறீங்க? நீங்க பதவியை விட்டா பெட்டியைத் திருப்பித் தரணும். பெட்டி அந்த மைக் பட்டன் மேலேருந்து நகர்ந்துட்டா, சாயங்காலம் உங்க பொண்டாட்டி பேசுறதை நாங்க எப்படிக் கேக்குறது?"